இரண்டு உயரமான கோடுகள்

டிசைன் கடை என்பது, இருப்பதை அழிக்கச் சொல்லியும் இல்லாததைச் சேர்க்கச் சொல்லியும் ஊரார் வந்து நிற்கிற இடம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், பதினாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஆண்டு மலர், எப்போதாவது யாராவது வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துவரும் கவிதைப் புத்தகம். இதே தொழிலில் இருக்கும் நண்பர்களே, "கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் கழுத்து வலி இருக்கும், கண் எரிச்சல் இருக்கும். அதனால் உங்களிடம் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அழிப்பதில் நான் கெட்டிக்காரி. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், சண்டை போட்டுக்கொண்டு போன மச்சான், எதுவாக இருந்தாலும் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவேன். அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதுதான் கதை.

வெறும் கை

நாலு வருஷத்துக்கு முன்னால் ஏழுமலை என்பவர் கிரகப்பிரவேச பேனருக்காக வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். கூடவே மனைவி வள்ளி, பன்னிரண்டு வயது மகள் நித்யா. நித்யாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பாண்டிச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனி ஞாயிறு ஊருக்கு வருவாள் என்று வள்ளி சொன்னாள். ஏழுமலை தன் போனிலிருந்து ஒரு படம் கொடுத்தார். உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு, உப்பு வாரும் பலகையை நீளக் கழியோடு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்.

பின்னணியை ஒரே தட்டில் நீக்கும் பொத்தான் அப்போதுதான் என் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. ஆசையாகத் தட்டினேன். உப்பு போனது, வானம் போனது, கூடவே பலகையும் போனது. மெஷினுக்கு அது குப்பையாகத் தெரிந்திருக்கிறது. வெறும் கையை உயர்த்தியபடி, ஓட்டுக் கேட்க வந்தவர் போல ஏழுமலை நின்றார். பரவாயில்லை என்று பின்னால் ஒரு மாளிகையும் இரண்டு புறாவும் வைத்து, திருப்தியோடு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன்.

முதலில் சிரித்தது நித்யாதான். அப்பாவைப் பார்த்துக் கையை இரண்டு தடவை மேலே தூக்கினாள். அவர் பதிலுக்குக் கையைப் படுக்கையாக நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்து அவரே விளக்கினார். உப்பளத்தில் ஒரு கோடியில் நின்று மடை திறப்பவர் கத்தினால் அடுத்த கோடிக்குக் கேட்காது, காற்று அப்படி. அதனால் பலகையை இரண்டு தடவை தூக்குவார்கள். தண்ணி வந்துடுச்சா என்று அர்த்தம். அந்தப் பக்கம் இருப்பவர் பலகையைப் படுக்கையாகப் பிடித்தால் வந்துடுச்சு. அந்தக் குடும்பம் அதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டது. சோறு வெந்ததா, பஸ் வந்ததா, சொன்னது புரிந்ததா, எல்லாவற்றுக்கும் இந்தக் கைதான். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஸ்கிரீனில் இருந்த தன்னையே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "பலகை இல்லாம நான் எதுக்குங்க கைய தூக்கிக்கினு நிக்கணும்?"

மாமியாரின் பல்

இன்னொரு நாள், கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மாமியாருக்குப் பதினாறாம் நாள் போஸ்டர். அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டைப் படம்தான். அதில் கேமராவையே அடிக்கப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ணிடுங்கக்கா" என்றாள். இப்போது அதற்கும் ஆப் இருக்கிறதே. பத்து விநாடியில் முப்பத்திரண்டு பல்லும் வரிசையாகத் தெரிய, மாமியார் பளிச்சென்று சிரித்தார்.

மருமகள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கைவேலை பலித்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "வேணாம்க்கா. அதுக்கு இருந்ததே ரெண்டு பல்லு. இருவது வருஷம் என்னை மொறச்சிக்கினேதான் சோறு போட்டுது. அப்படியே மொறைக்க விடுங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி

இந்த இரண்டு பேர் சொன்னதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன கார்த்திகையில், ஒரு சனிக்கிழமை காலை, வள்ளியும் நித்யாவும் மாடி ஏறி வந்தார்கள். நித்யா வளர்ந்திருந்தாள், பிளஸ் ஒன். வந்ததும் என் மேஜையில் இருந்த காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் உப்பளம் ஏரியாகிவிடும், வேலை கிடையாது. ஐப்பசியில் ஏழுமலை ஓசூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டு, தை பிறந்து பாத்தி திருத்தும் நேரத்தில் திரும்புவார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், எழுதி அனுப்ப முடியாது. வீடியோவில் பேசலாம் என்றால் போனைப் பிடிக்க ஒரு கை வேண்டும், மகளோடு பேச இரண்டு கையும் வேண்டும். அதனால் வள்ளியின் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். மகள் ஊருக்கு வரும்போது வள்ளி அதைப் போட்டுக் கேட்டு, கையால் சொல்ல வேண்டும்.

நித்யா எழுதிய முதல் வரி: "அப்பா பேசியது 3 நிமிடம் 12 விநாடி. போனிலேயே போட்டிருக்கிறது. அம்மா சொன்னது இவ்வளவுதான்." பிறகு அம்மா மாதிரியே செய்து காட்டினாள். சோற்றை வாயில் போடும் சைகை ஒன்று, நல்லா இருக்கேன் என்று ஒன்று, முடிந்தது. வள்ளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சவுக்குத் தோப்புல வேல முடிச்சி வந்தா கையி மரத்துப் போவுதுக்கா. அந்த ஆளு பாட்டுக்கு பேசிக்கினே போறாரு. நான் எத்தினின்னு காட்டுவேன், சொல்லுங்க" என்றாள். அதுவும் நியாயம்தான்.

நித்யா மறுபடியும் எழுதினாள். "ஒவ்வொரு தையிலும் அப்பா வந்ததும் கையை இரண்டு தடவை தூக்குவார். நான் சொன்னதெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பார். நான் வந்துவிட்டது என்று கையை நீட்டுவேன். அது பொய். இந்த வருஷம் பொய் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் எழுதி ஒரு புத்தகமாகச் செய்து கொடுங்கள். எதையும் விடாதீர்கள்." அதுவரை வந்திருந்தது மொத்தம் நாற்பத்தொரு மெசேஜ். செய்கிறேன் என்று தலையாட்டினேன். அவள் படி இறங்கியதும் வள்ளி மட்டும் திரும்பி வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நடுநடுவுல எனக்குன்னு சொன்னதும் இருக்கும்க்கா. அத மட்டும் கேக்காத மாதிரி விட்டுடுங்க."

ஒரே தட்டு

பேச்சைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏழுமலையை அதில் விட்டேன். அது அவரை டிவியில் செய்தி வாசிப்பவராக ஆக்கி, பாதிப் பேச்சை முழுங்கிவிட்டது. சரியென்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானே அடிக்க உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க பத்து நாள் அவரோடுதான் போனது.

என்ன மனுஷன் என்று ஆச்சரியமாக இருந்தது. ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் சிமெண்டு மூட்டை அடுக்கியிருப்பது உப்பு அம்பாரம் மாதிரியே இருக்குது பாப்பா என்கிறார். இங்கே மழை பெய்தாலும் வேலை நிற்க மாட்டேங்குது, நம்ம ஊர் வேலைக்குத்தான் வானத்தைப் பார்த்துப் பயம் என்கிறார். பக்கத்தில் படுக்கிறவன் விடுகிற குறட்டையில் தூக்கமே இல்லை, நீயா இருந்தா நிம்மதியாத் தூங்கிடுவ என்று மகளைக் கிண்டல் செய்து, தானே சிரிக்கிறார். இதையெல்லாமா "சாப்பிட்டியா, நல்லா இருக்கேன்" என்று இரண்டே சைகையில் அடைத்தார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு மெசேஜையும் அவர் ஒரே மாதிரிதான் தொடங்கினார். "பாப்பா! கேக்குதா?" என்று போனுக்குள் உரக்க ஒரு சத்தம். அப்புறம் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்திப் பேசுவார். முதல் மெசேஜில் அதை அடித்ததும் என் கை நின்றுவிட்டது. காது கேட்காத பெண்ணின் கையில், நாற்பத்தொரு தடவை கேக்குதா என்று அச்சடித்து எப்படிக் கொடுப்பது? கம்ப்யூட்டரில் தேடு, நீக்கு என்று ஒரு வசதி இருக்கிறதே. ஒரே தட்டு. நாற்பத்தொன்றும் போயின.

கை சூடு பிடித்துவிட்டது. இருமலை எடுத்தேன், "ம்" எல்லாவற்றையும் எடுத்தேன், அவர் யோசித்த இடைவெளிகளை மூடினேன். இருபத்து நாலு பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த வழியாக வந்த வள்ளியிடம் இதைச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நல்லதாப் போச்சுக்கா. அத மட்டும் நானும் இதுவரிக்கும் கையால சொன்னதே இல்ல."

முதல் வரிக்கு முன்னால்

அடுத்த சனிக்கிழமை புரூஃப் பார்க்க நித்யா வந்தாள், அம்மாவோடு. கையில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று. அதை என் முன்னால் விரித்து வைத்தாள்.

வாய்ஸ் மெசேஜ் வந்தால் போனில் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரியுமே, உரக்கப் பேசிய இடத்தில் உயரமாக, மெதுவாகப் பேசிய இடத்தில் குட்டையாக. காது கேட்கிற நாம் அதைப் பார்ப்பதே இல்லை, தட்டிக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அவளுக்கு அப்பா பேச்சில் கிடைத்தது அது மட்டும்தான். நாற்பத்தொரு மெசேஜின் கோடுகளையும் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். எல்லாமே ஒரே மாதிரி தொடங்கின. இரண்டு உயரமான கோடுகள். பிறகு புள்ளி புள்ளியாகக் கொஞ்ச தூரம். அதற்குப் பிறகுதான் குட்டைக் கோடுகள்.

என் புரூஃபின் முதல் பக்கத்தை எடுத்து, அதன் மேல் போனை வைத்தாள். இரண்டு உயரமான கோடுகளைத் தொட்டாள். பிறகு என் முதல் வரிக்கு முன்னால் இருந்த வெற்று இடத்தைத் தொட்டு எழுதினாள்: "இங்கே என்ன?"

"சும்மா சத்தம்" என்று எழுதினேன். கூசாமல் எழுதினேன்.

அவள் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கமாக, அவசரமே இல்லாமல். "41 தடவையும் ஒரே சத்தமா?" என்று எழுதினாள். நான் வள்ளியைப் பார்த்தேன். வள்ளி ஃபேனைப் பார்த்தாள். பதினாறு வருஷத்தில் நான் அழித்ததை ஒரு கஸ்டமர்கூடக் கண்டுபிடித்தது கிடையாது. இந்தப் பெண் காதே இல்லாமல் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், அதை அவள் படிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். அதைவிட மோசம், இந்த வருஷமும் அவளைப் பொய் சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பாப்பா! கேக்குதா?

படித்தாள். தலை குனிந்துவிட்டது, தோள் குலுங்கியது. வள்ளி பதறி எழுந்து மகளைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது பார்த்தால், சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது, அதை அவள் துடைக்கவில்லை. பேனாவை எடுத்து அந்தத் தாளிலேயே கீழே எழுதினாள்: "பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அப்பா மட்டும்தான் 41 தடவை கேட்டிருக்கிறார்."

வந்துடுச்சா

இருபத்து நாலு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு மெசேஜுக்கு ஒரு பக்கம். மேலே பெரிய எழுத்தில் அந்த இரண்டு வார்த்தை. அவர் காத்திருந்த அளவுக்குக் கீழே வெற்று இடம். பிறகு பேச்சு, இருமிய இடத்தில் இருமல், "ம்" சொன்ன இடத்தில் "ம்". பக்கத்தின் அடியில் அந்த மெசேஜின் கோடுகள். வள்ளிக்கென்று அவர் சொன்னதை மட்டும், அவள் கேட்டுக்கொண்டபடி சேர்க்காமல் விட்டுவிட்டேன், ஆனால் கோடுகளில் அது காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மாவோடு மறுபடி புரூஃப் பார்க்க வந்த நித்யா அங்கே விரலை வைத்து இது எங்கே என்று கேட்டாள். "அது அம்மாவுக்கு" என்று எழுதினேன். என்னையும் வள்ளியையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அட்டைக்குப் படம் வேண்டாம், தலைப்பும் வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். இரண்டு உயரமான கோடுகள் போதும் என்றாள்.

தை பிறந்து நாலாம் நாள் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். ஏழுமலை புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எழுத்து தெரியாதவர் அல்லவா, படம் பார்ப்பது போலத்தான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பத்துப் பக்கம் போனதும் நிறுத்தி, மேலே விரலை வைத்தார். "இது மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்குதே, என்னாங்க இது?"

சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அப்படிக் கேட்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "எம்புள்ளகிட்ட போயி நான் இதையா கேட்டேன்?" என்று வள்ளியைப் பார்த்தார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் நித்யா அவர் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினாள். உங்கள் கேள்வியைக் கேளுங்கள் என்பது போல எதிரே நின்றாள்.

ஏழுமலை புத்தகத்தை என் மேஜையில் பத்திரமாக வைத்தார். கையை மெதுவாக இரண்டு தடவை தூக்கினார். நித்யா கையைப் படுக்கையாக நீட்டி, அப்படியே பிடித்திருந்தாள். வழக்கமாக ஒரு விநாடியில் கீழே இறக்கிவிடுகிற கை அது. அன்றைக்கு அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் இறக்கவில்லை.

ஏழுமலை துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "போன எடுத்தாலே வாயில அதாங்க வருது, நான் என்னா பண்றது. நாப்பத்தியோரு தடவ கேட்டேன், பதிலு இப்பதான் வந்துது."

பதினாறு வருஷமாக அழித்தே பிழைத்த எனக்கு, இப்போதெல்லாம் டெலீட் பொத்தான் மேல் விரல் போனாலே எதிரே யாரோ பலகையை இரண்டு தடவை தூக்குகிறார்கள், இதனால் கல்யாணப் பத்திரிகை எல்லாம் இரண்டு நாள் தாமதமாகத்தான் கிடைக்கும் என்பதை ஊரார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.